எண்ணெய் விட்ட சக்கரம்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் மாதம் ஒரு முறை இறங்குவது அவன் வேலை. கீழ்த்தளத்துக்கும் நாலடி கீழே ஒரு சதுரப் பள்ளம். வாயில் டார்ச், கையில் துணி. அடியிலிருக்கும் சுருள்வில்லில் துரு ஏறியிருக்கிறதா, தண்ணீர் தேங்கியிருக்கிறதா, யாராவது சாவியையோ குழந்தையின் செருப்பையோ தவறவிட்டிருக்கிறார்களா என்று பார்ப்பான். அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் இரைச்சல் வரும். பத்துப் பதினைந்து குழந்தைகள் ஒரே நேரத்தில் கத்துகிற இரைச்சல். அதற்கு நடுவே விட்டு விட்டு ஒரு கீச்சு.

இருபது வருடமாக லிஃப்ட் மெக்கானிக். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான் என்று கம்பெனியில் பெயர். மூன்றாம் மாடியில் நின்றபடி, உச்சியில் மோட்டார் அறையில் பிரேக் தேய்ந்திருப்பதைச் சொல்வான். பேச்சுதான் வராது. வேலைத் தாளில் அவன் எழுதுவது ஒரே மாதிரி இருக்கும். ‘கதவில் சத்தம். சரிசெய்தேன். ஓடுகிறது.’ வீட்டில் அந்த அளவுக்குக்கூடப் பேச்சு கிடையாது என்பாள் மனைவி.

அந்தக் கீச்சைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குப் பல் கூசும். சக்கரம், அச்சு காய்ந்திருக்கிறது, இரண்டு சொட்டு எண்ணெய் போதும் என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறிவிடுவான். சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று விசாரித்ததில்லை. விசாரிக்க அவசியமும் இருக்கவில்லை. அவன் மகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அப்பா இருந்தார்.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். முப்பத்திரண்டு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றவர். உட்கார்ந்தால்தான் கால் வலிக்கிறது என்பார். மருமகள் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். “ஒரே வீட்ல டிரைவரும் கண்டக்டரும். நீ ஒருத்தன்தான்டா பயணி. அதான் வாயைத் தொறக்காம உக்காந்து வர்றே” என்று மகனைச் சீண்டுவார். மருமகள் விடிவதற்குள் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவாள். மகன் எட்டு மணிக்குக் கிளம்புவான். எட்டிலிருந்து இரண்டு வரை பாப்பா தாத்தாவின் பொறுப்பு.

தள்ளுவண்டியில் பேத்தியை உட்காரவைத்துத் தெருத் தெருவாக நிறுத்தம் சொல்லிக்கொண்டு போவார். “மருந்துக்கடை, மருந்துக்கடை. இறங்கறவங்க முன்னாடி வாங்க. யாரும் இல்லையா? போலாம் ரைட்.” நாள்காட்டித் தாளைக் கிழித்து டிக்கெட் கொடுப்பார். பாப்பா முதலில் சொன்ன சொல் ‘ரைட்’. ‘அம்மா’ அதற்கப்புறம்தான் வந்தது. டிரைவருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. இரண்டேகால் வயதில் பாப்பாவிடம் நாற்பத்தேழு சொற்கள் இருந்தன. எண்ணியது அவன்தான். எதையும் எண்ணி எழுதிவைப்பான்.

தள்ளுவண்டியின் பின்சக்கரம் ஒன்று கீச்சிடும். தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் கேட்கும். “ஊர் லிஃப்டுக்கெல்லாம் எண்ணெய் விடறே. இதுக்கு ரெண்டு சொட்டு விட மாட்டியா?” என்று அப்பா கேட்பார்.

“நாளைக்குப்பா.”

அந்த நாளை இரண்டு மாதம் ஓடியது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். பதினொரு மணி வாக்கில் இருக்கும் என்றார் டாக்டர். டிரைவர் வீட்டுக் கதவைத் திறந்தபோது மணி இரண்டு பத்து. பாப்பா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். தன் சின்னப் போர்வையை அவர் மடிமேல் போட்டிருந்தாள். அவர் உள்ளங்கையில் கிழித்த நாள்காட்டித் தாள்கள் ஏழு இருந்தன.

மூன்று மணி நேரம். அவள் கூப்பிட்டாளா, உலுக்கினாளா, அழுது ஓய்ந்தாளா, யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து பாப்பா பேசவில்லை.

வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப்போன பிறகு அவன் தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டான். நான்கு சக்கரத்தையும் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டான். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. பாப்பாவைத் தூக்கி உட்காரவைக்கப் போனால், முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஏற மறுத்தாள். மறுநாளும் அப்படியே. வண்டி மடங்கிக் கதவுக்குப் பின்னால் போனது.

லிஃப்டுக்குப் பழுதுக் குறிப்பு எழுதுவதுபோல மகளுக்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தான். தேதி, சாப்பாடு, தூக்கம், சொற்கள். அன்று எழுதினான்: ‘தள்ளுவண்டி. ஏற மறுப்பு. காரணம் தெரியவில்லை.’ சொற்கள் என்ற பத்தியில் ஒரு சுழி. மறுநாளும் சுழி. பக்கம் திருப்பினாலும் சுழி.

அவன் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டான். இரண்டேகாலுக்கு அவள் உள்ளே வர, அவன் வெளியே போக, டெப்போவில் வண்டியைக் கைமாற்றுவதுபோல வாசலில் பாப்பாவைக் கைமாற்றிக்கொண்டார்கள். சுகாதார நிலையத்துக்குப் போய்வந்த அன்றும் வாசலில்தான் பேச்சு.

“நர்ஸம்மா என்ன சொன்னாங்க?”

“ஆறு வாரம்.”

“ஆறு வாரம் என்ன?”

“பாக்கணுமாம். காது நல்லாருக்காம். அதுக்குள்ள பேசலைன்னா பெரிய ஆஸ்பத்திரி.”

“வேற?”

“மத்த பிள்ளைங்களோட விடச் சொன்னாங்க.”

“அதை முதல்ல சொல்ல மாட்டீங்களா? கிணத்துலேர்ந்து வாளியால இறைக்கற மாதிரில்ல உங்ககிட்டேர்ந்து விஷயத்தை எடுக்க வேண்டியிருக்கு. பிள்ளை பேசலைன்னு கவலைப்படறோம். இந்த வீட்ல அது யாரைப் பாத்துப் பேசும்?”

சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் பையை மாட்டிக்கொண்டு இறங்கினான். பஸ் நிறுத்தம் வரை போன பிறகுதான் அது சுட்டது. அவள் சொன்னது சரி. அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்தவர் ஒருவர்தான்.

அப்போதுதான் அவனுக்குக் குழிச் சுவருக்குப் பின்னால் கேட்ட இரைச்சல் நினைவுக்கு வந்தது.

*

சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு காலத்தில் சைக்கிள் நிறுத்தும் அறையாக இருந்த இடம். தரையில் நிறம் போன பாய்கள். ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி, அதில் டம்ளர்களும் புனலும். கைப்பிடி உடைந்த அலமாரி நிறைய மரக்கட்டைகள். ஜன்னல் கம்பியில் நனைந்த சின்னக் காலுறைகள் வரிசையாகக் காய்ந்தன. திங்களும் வியாழனும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

கதவருகே நின்ற பெண்மணியின் கழுத்தில் அளவெடுக்கும் நாடா தொங்கியது. அதன் முனையில் ஒரு சாவி. பழைய துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் தையல்காரி. அவள் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போய் வருடக்கணக்காகிவிட்டது. சாவி யாரிடமாவது இருக்கவேண்டுமே என்று இன்னும் வந்துகொண்டிருந்தாள். எல்லாருக்கும் அவள் சாவியக்கா.

“எத்தனை மணிக்கு வந்து கூட்டிட்டுப் போகணும்?” என்று கேட்டான்.

“எங்க போறீங்க?”

“வெளிய. நிக்கறேன்.”

“வெளிய நின்னு என்ன பண்ணப் போறீங்க, பஸ்ஸா வருது? இது பிள்ளைய விட்டுட்டுப் போற இடம் இல்ல தம்பி. பெத்தவங்களும் கூட இருக்கணும். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க.”

பாப்பா அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து, மூக்கைத் துடைத்து, காலர் மடிப்பைச் சரிசெய்தான். சாவியக்கா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு. முதல் அரை மணி நேரம் மாத்து. உங்க பிள்ளைய வேற ஒருத்தர் பாத்துப்பாங்க. நீங்க வேற ஒருத்தர் பிள்ளையப் பாத்துக்கணும். உங்க பிள்ளை பக்கம் திரும்பக்கூடாது.”

“அவ… பேசமாட்டா.”

“பேசச் சொல்லி யாரும் கேக்கலையே.” அவள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “கேக்கு, இவரோட பாப்பா உனக்கு. உன் புல்டோசரை இவர் பாத்துக்கட்டும். உடம்பு வாட்டசாட்டமா இருக்கு, தாங்குவாரு.”

கேக்கு என்று அழைக்கப்பட்டவள் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறவள். முப்பது வயதிருக்கும், முழங்கையில் மாவு ஒட்டியிருந்தது. பாப்பாவிடம் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கை நீட்டவில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிந்தினாள். மறுபடி ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் முழங்கால் விடுபட்டதை அவன் உணர்ந்தான்.

அவள் மகனுக்கு மூன்று வயது. ஆள் பெயருக்கு ஏற்றபடிதான் இருந்தான். நேராக வந்து அவன் வயிற்றில் முட்டி நின்றான்.

“நீ யாரு?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

“லிஃப்ட்டு ஏன் மேல போவுது?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவனிடம் கேட்டதில்லை. லிஃப்ட் ஏன் நின்றது என்றுதான் உலகம் கேட்கும். அவன் இரண்டு மரக்கட்டைகளை எடுத்தான். சாவியக்காவிடம் நூல் வாங்கினான். நாற்காலி முதுகில் நூலைப் போட்டு, ஒரு முனையில் பெட்டி, மறு முனையில் எதிர் எடை என்று கட்டினான். ஒன்று இறங்கினால் ஒன்று ஏறும். உள்ளே ஆள் ஏறினால் என்ன ஆகும், ஆள் இறங்கினால் என்ன ஆகும், கயிறு அறுந்தால் எது பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டே போனான். புல்டோசர் ஒவ்வொன்றுக்கும் ‘ஏன்’ போட்டான். நடுவில் வேறு நான்கு குழந்தைகள் வந்து உட்கார்ந்துவிட்டன.

“அண்ணா, மாத்து முடிஞ்சு கால் மணி நேரம் ஆச்சு” என்றாள் கேக்கு. “எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல, நீங்க பேசுங்க. அவன் கேள்விக்கு நான் மூணுக்கு மேல பதில் சொன்னதா சரித்திரமே இல்ல.”

அவனுக்கு அசடு வழிந்தது. கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு பேசியதில்லை. திரும்பிப் பார்த்தான். தண்ணீர்த் தொட்டியோரம் பாப்பா நின்றுகொண்டு, ஈரக் கையோடு, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீச்சுக்குச் சொந்தமான வண்டியையும் அன்றே பார்த்தான். ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு மரப்பெட்டி, கீழே நான்கு மரச்சக்கரம், தள்ள ஒரு கைப்பிடி. அதைத் தள்ளும்போது பாப்பா செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டு அசையாமல் நின்றாள். வண்டி நின்ற பிறகு கிட்டே போய் அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினான்: ‘வண்டிச் சத்தம் பிடிக்கவில்லை. உறைந்துபோகிறாள்.’ இருபது வருடத்தில், சத்தம் பிடித்துப்போய் நின்ற ஒருவரையும் அவன் பார்த்ததில்லை.

*

இரண்டு வாரம், மூன்று வாரம் என்று போனது. நோட்டில் சுழிகள் நிற்கவில்லை. ஆனால் மற்ற பத்திகள் மாறின. பாப்பா வியாழக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் தூங்கினாள். தட்டைக் காலி செய்தாள். அவனும்தான். திங்கள் காலையில் அவனே சீக்கிரம் கிளம்பி, செருப்பை மாட்டிக்கொண்டு பாப்பாவுக்காகக் காத்திருந்தான்.

டீ வரும் நேரத்தில் பெரியவர்கள் சுவரோரம் உட்கார்ந்து அவரவர் குறையைச் சொல்வார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை; அது அங்கே எழுதாத சட்டம். “வீடு மாறி வந்தப்ப இவன் மூணு மாசம் என்னைக் குளியலறைக்குக்கூடத் தனியா விடலை” என்றாள் கேக்கு ஒரு நாள். “கதவுக்கு வெளிய உக்காந்து தட்டிக்கிட்டே இருப்பான். உள்ள நான் அழுவேன். எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணா, நீயும் அப்படித்தான் இருந்தேன்னு சிரிப்பாங்க. டீயைச் சூடா குடிச்சது இந்த ரூமுக்கு வந்த அப்புறம்தான்.”

“என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணலை. சாவியக்கா அவனைத் தூக்கிட்டுப் போய்ப் பொத்தான் டப்பாவைக் குடுத்தாங்க. நான் இந்தச் சுவத்துல சாஞ்சு பத்து நிமிஷம் தூங்கிட்டேன். அப்புறம் தானா சரியாச்சு. அவனுக்கா எனக்கான்னு கேக்காதீங்க.”

அவன் தலையாட்டினான். அப்பாவைப் பற்றி அவனும் சொல்ல நினைத்தான். வந்த வார்த்தையை டீயோடு சேர்த்து விழுங்கினான். அதற்குப் பதிலாக எழுந்து அலமாரிக்குக் கைப்பிடி போட்டான். அடுத்த முறை ஜன்னல் கொக்கி. அதற்கடுத்த முறை சொட்டிய குழாய். “தம்பி உக்காருங்க, ரூம் ஓடிப் போயிடாது” என்பாள் சாவியக்கா. அவனுக்குக் கை சும்மா இருக்காது. செய்யாமல் விட்ட ஒரு வேலை அவனை அரித்துக்கொண்டிருந்தது. அதனால் கண்ணில் பட்ட எல்லா வேலையையும் செய்தான்.

ஐந்தாவது வாரம், திங்கட்கிழமை. நர்ஸ் கொடுத்த கெடுவில் ஒன்பது நாள் மீதி. அவன் கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். சாவியக்கா பாய் விரித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குப் பாப்பா ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் மரவண்டியைச் சுவரோரம் கவிழ்த்தான். கருவிப் பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்தான். நான்கு சக்கரத்துக்கும் இரண்டிரண்டு சொட்டு. விரலால் சுழற்றினான். சத்தமில்லை. மாதக்கணக்காகப் பல்லைக் கூசவைத்த ஒரு விஷயம் இரண்டு நிமிடத்தில் தீர்ந்தது. நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதி பத்தே காலுக்கு முடிந்தது.

புல்டோசர் வழக்கம்போல வந்து வண்டியைத் தள்ளினான். நின்றான். மறுபடி தள்ளினான். குனிந்து அடியில் பார்த்தான். வண்டிக்குப் பின்னால் வரிசையில் நிற்கும் மற்ற குழந்தைகளும் குனிந்து பார்த்தன. அன்று அவனைப் பார்த்துக்கொள்ளும் மாத்து மெக்கானிக்குடையது. புல்டோசர் அவனிடம் வந்து தகவல் சொன்னான்.

“வண்டி செத்துப்போச்சு.”

அறைக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டியருகே இருந்த பாப்பா நிமிர்ந்தாள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். வந்து வண்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, சக்கரத்தின்மேல் காதை வைத்துக்கொண்டாள்.

அவள் காதை எடுத்ததும் வேறொரு களேபரம். தரையில் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு கைக்குழந்தையை, யாரோ தள்ளிவிட்ட வண்டி சத்தமில்லாமல் போய் இடித்தது. அடி ஒன்றும் பெரிதில்லை. அழுகைதான் பெரிது.

“யார் இதுக்கு எண்ணெய் விட்டது?” என்றாள் சாவியக்கா. கேட்கும்போதே அவள் கண் அவன் பையில் நின்றது. “அடக் கடவுளே. தம்பி, இந்த வண்டிக்கு ஹாரன் அதுதான். சத்தம் கேட்டா தவழறது ஒதுங்கும், பேசிக்கிட்டிருக்கற அம்மாமாருங்க தலையைத் தூக்கிப் பாப்பாங்க. ரிப்பேரா இருந்ததாலதான் இத்தனை வருஷம் ஒருத்தர் கையும் நசுங்கலை.”

“தெரியலைக்கா. எடுத்துடறேன்.”

“விட்ட எண்ணெயை எடுப்பீங்களா?”

“எடுப்பேன்.”

சொல்லிவிட்டானே தவிர, கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சத்தத்தை நிறுத்தத்தான் அவனுக்குத் தெரியும். வரவழைத்துப் பழக்கமில்லை. சக்கரங்களைக் கழற்றி, அச்சுக் கம்பியைத் துணியால் துடைத்தான். சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தான். மரம் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தது. சாவியக்கா துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியைக் கொடுத்தாள். அதைச் சுரண்டித் தூவினான். மாட்டித் தள்ளினான். சத்தமில்லை. கேக்கு மண்ணைப் போடச் சொன்னாள். ஒருவர் தண்ணீரில் ஊறவைக்கச் சொன்னார். “எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரேன், அவர் தொட்ட எதுவும் சத்தம் போடாம இருந்ததில்ல” என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது. அவனும் சிரித்தான். சிரித்த வாய் கோணிக்கொண்டது.

“சத்தம் வந்தா வந்துட்டுப் போகுதுன்னு விடறதுதானே தம்பி” என்றாள் சாவியக்கா, குரலைத் தணித்து. “ஏன் விட்டீங்க?”

“எங்கப்பா கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

அவன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். தள்ளுவண்டியைச் சொன்னான். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதைச் சொன்னான். நாற்காலி, போர்வை, கையில் ஏழு தாள். தெருவில் அவர் நிறுத்தம் சொல்லிக்கொண்டு போனதைச் சொன்னான். எவ்வளவு நேரம் பேசினான் என்று அவனுக்குத் தெரியாது. யாரும் குறுக்கே பேசவில்லை. முடித்தபோது மூச்சு வாங்கியது, பத்து மாடி ஏறினவனைப்போல.

கேக்குதான் முதலில் கேட்டாள். “தள்ளுவண்டிக்கு எண்ணெய் விட்டீங்களா அண்ணா, அப்புறம்?”

“அவர் போன அடுத்த வாரம்.”

“அதுக்கு முன்னாடி பாப்பா அதுல ஏறினாளா?”

“ஏறினா. எண்ணெய் விட்ட அன்னிலேர்ந்துதான் ஏற…”

வாக்கியம் பாதியில் நின்றது. நோட்டில் அந்தப் பக்கம் அவன் கண்முன் வந்தது. ‘காரணம் தெரியவில்லை.’ அவன் கையெழுத்துத்தான். தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் கேட்கும் அந்தச் சத்தம்தான் அவளுக்குத் தாத்தா. அவர் போன கையோடு அதையும் சேர்த்து அவன் நிறுத்தியிருக்கிறான்.

அப்போது கீச்சு கேட்டது.

வண்டி அவன் முன்னால்தான் இருந்தது. ஆனால் சத்தம் சக்கரத்திலிருந்து வரவில்லை. பாப்பா எழுந்து கைப்பிடியைப் பிடித்திருந்தாள். ஓர் அடி தள்ளினாள். உதட்டைக் குவித்து, “கீ…” என்றாள். இன்னோர் அடி. “கீ… கீ…”

அவன் எழப்போனான். கேக்கு அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். “மாத்து அண்ணா” என்றாள் காதருகே. “அவ என் பிள்ளை இப்ப. நீங்க உங்க பிள்ளையப் பாருங்க.”

அவன் பிள்ளை, அதாவது புல்டோசர், அதற்குள் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டான். உயிர் வந்துவிட்ட வண்டியில் இடம் பிடிக்கும் அவசரம் அவனுக்கு. அதனால் மெக்கானிக்குக்கு வண்டி பக்கத்தில் நடக்க உரிமை கிடைத்தது. பயணிக்குப் பாதுகாப்பாக. அவன் நடந்தான். மகளைப் பார்க்கவில்லை. பயணியின் தலையையே பார்த்துக்கொண்டு நடந்தான். அறையே, யாரும் அந்தப் பக்கம் பார்க்காமல், மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டும் காலுறைகளை மடித்துக்கொண்டும் இருந்தது.

ஜன்னலருகே வண்டி நின்றது. பாப்பா சுற்றிவந்து அவன் முன்னால் நின்றாள். அவன் சட்டைப் பையிலிருந்த நோட்டை உருவினாள். ஒரு தாளைக் கிழித்தாள். சுழிகள் நிறைந்த தாள். அதைப் பயணியின் கையில் வைத்து அவன் விரல்களை மூடினாள். நோட்டை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கைப்பிடிக்குப் போனாள்.

“போலாம் ரைட்” என்றாள்.

தெளிவாக, கொஞ்சம் கரகரப்பாக, வெகுநாள் ஓடாத மோட்டார் எடுப்பதுபோல. புல்டோசர் மட்டும் இதில் ஆச்சரியப்படவில்லை. “போ சீக்கிரம்” என்றான்.

சாவியக்கா அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் சுவர்ப் பக்கம் திரும்பி, தான் போன வாரம் மாட்டிய ஜன்னல் கொக்கி இறுக்கமாக இருக்கிறதா என்று ரொம்ப நேரம் சோதித்தான்.

*

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து தள்ளுவண்டியை எடுத்தான். இதில் இரும்பு அச்சு. இது மரம்போல எண்ணெயைக் குடித்திருக்கவில்லை. பின்சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் கழுவி, வெயிலில் வைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் இரண்டு தேய் தேய்த்தான். பாப்பா பக்கத்தில் குந்தியபடி ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றே முக்காலுக்குச் சக்கரத்தை மாட்டித் தள்ளிப் பார்த்தான்.

கீச்சு.

அவன் தூக்கவில்லை. அவளே ஏறி உட்கார்ந்தாள்.

டிரைவர் நிறுத்தத்தில் இறங்கி வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். தெருமுனை திரும்பும் முன்பே அது அவள் காதில் விழுந்தது. அப்படியே நின்றுவிட்டாள். மூலையில் தள்ளுவண்டியின் முன்சக்கரம் தெரிந்தது, பிறகு பாப்பா, பிறகு அவள் கணவன். சட்டை முழுக்கச் சாக்குப் பொடியும் சோப்பு நுரையும்.

“எண்ணெய் விட்டிருந்தீங்களே” என்றாள்.

“எடுத்துட்டேன்.”

“என் வண்டியில இப்படி ஒரு சத்தம் வந்தா ரோட்டுக்கே எடுக்க விடமாட்டாங்க.”

பாப்பா அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். அப்பாவின் பக்கம் கையை நீட்டினாள். அவன் நோட்டை எடுத்துக் கொடுத்தான். அவள் ஒரு தாளைக் கிழித்து அம்மாவிடம் நீட்டினாள். “ஏறு” என்றாள்.

முப்பதுபேர் இருக்கும் பஸ்ஸைப் பதறாமல் ஓட்டுகிறவள், நடுத்தெருவில் டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். பிறகு தள்ளுவண்டியின் கைப்பிடியில் அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். இரண்டு பேரும் தள்ளினார்கள். மருந்துக்கடை வந்தது. பாப்பா திரும்பி அவனை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தாள். இந்த இடத்தில் யாராவது ஒருவர் ஒன்று சொல்லவேண்டும் என்பது அவள் கணக்கு.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். தெருவில் ஆட்கள் இருந்தார்கள்.

“மருந்துக்கடை, மருந்துக்கடை” என்றான். முதலில் மெல்ல. பிறகு அப்பாவின் குரலில் பாதியாவது வருமளவுக்கு. “இறங்கறவங்க முன்னாடி வாங்க.”

அன்று அவன் வேலைக்கு அரை மணி நேரம் தாமதம். இருபது வருடத்தில் முதல் முறை. மேற்பார்வையாளர் ஒரு தாளை நீட்டி, காரணம் எழுதச் சொன்னார். அவன் நின்றபடியே எழுதிக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டான்.

‘சக்கரத்தில் சத்தம் இல்லை. சரிசெய்தேன். ஓடுகிறது.’